கடலோரத்தில் நின்ற ஸ்போர்ட்ஸ் கார்: வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

#1 தெங்கம்புதூர் வாசி | நவம்பர் 3, இரவு 9.42

அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுகளாக மனத்துக்குள் வைத்திருந்த ஓர் ஆசை இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. முட்டத்துக்கு அருகே ஒரு வீட்டில் பி.எம்.டபிள்யூ. இசட்4 விலைக்கு வந்திருக்கிறது. 2012 மாடல், வெள்ளி நிறம், மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் இரட்டை டர்போ எஞ்சின். பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து டிக்கிக்குள் போய்விடும். உரிமையாளர் வளைகுடாவில் வேலை செய்கிறார், ஆண்டுக்கு ஒரு மாதம்தான் ஊரில் இருப்பார். அவருடைய அப்பாதான் வண்டியைக் காட்டினார். மீட்டரில் 19,400 கிலோமீட்டர். திருவனந்தபுரம் பதிவு, கே.எல். 01. கேட்கும் விலை 21 லட்சம்.

பெரியவர் போர்வையை விலக்கியபோது என்னால் பேச முடியவில்லை. பெயின்டில் என் முகம் தெரிந்தது. இருக்கைத் தோலில் ஒரு சுருக்கம் இல்லை. 13 ஆண்டில் 19,400 என்றால் ஆண்டுக்கு 1,500 கிலோமீட்டர்தான் வருகிறது. இதைவிட நல்ல வண்டி இனி அமையாது என்றே தோன்றுகிறது. ஆனால் நான் இதுவரை வைத்திருந்தவை இரண்டு மாருதியும் ஒரு ஹோண்டாவும் மட்டுமே. முன்பணம் கொடுப்பதற்குள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வேளிமலை | நவம்பர் 3, இரவு 10.15

இவ்வளவு குறைவாக ஓடிய வண்டியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கேரளாவிலிருந்து ஒருவர் பணத்தோடு வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார், இரண்டு முறை என் கண் முன்னே அப்படி நடந்திருக்கிறது. ஐயாயிரமோ பத்தாயிரமோ முன்பணம் கொடுத்து நிறுத்தி வையுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

#3 திங்கள்சந்தை பட்டறை | நவம்பர் 4, காலை 6.20

தம்பி, முன்பணம் கொடுக்காதீர்கள். நான் ஷார்ஜாவில் 11 ஆண்டு ஐரோப்பிய வண்டிகளில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்து பட்டறை வைத்திருப்பவன். உங்களை மகிழ்வித்த அந்த 19,400தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

ஓடித் தேய்ந்த வண்டியில் எது தேய்ந்திருக்கும் என்று தெரியும்: கிளட்ச், பிரேக், புஷ், ஷாக் அப்சார்பர். மாற்றினால் தீர்ந்தது. நின்றே பழுதான வண்டியில் எது எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய் படாமல் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். டாங்கில் பழைய பெட்ரோல் பிசினாகிவிடும். பிரேக் டிஸ்கில் துரு ஏறும். ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்ற டயர் தட்டையாகிவிடும். இவ்வளவும் கடலை விட்டு விலகி நிற்கும் வண்டிக்கே நடக்கும். உங்கள் வண்டி நிற்பது முட்டத்தில். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேராக அடிக்கும் இடம் அது. போர்வை போர்த்தினால் பெயின்ட் தப்பிக்கும். அடிப்பாகத்துக்கு யார் போர்வை போர்த்துகிறார்கள்?

அதனால் முதல் வேலை வண்டியை லிஃப்டில் ஏற்றுவது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதாது, தலைக்கு மேல் நிற்க வேண்டும். சஸ்பென்ஷன் கைகள் அலுமினியம், அவற்றை இறுக்கும் போல்ட் இரும்பு. உப்பு ஈரத்தில் இந்த இரண்டு உலோகமும் ஒன்றோடொன்று உரசி நிற்கும் இடத்தில் அலுமினியம்தான் முதலில் அரிக்கப்படும், சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாகப் பூத்திருக்கும். கைவிரலால் தேய்த்துப் பாருங்கள். பிறகு பிரேக் குழாய்கள். மேலே பழுப்பு நிறம் மட்டும் என்றால் பயமில்லை, குழிகுழியாக அரித்திருந்தால் பயப்பட வேண்டும். முன்னால் பம்பருக்குள் இருக்கும் ஏ.சி. கண்டன்சரின் இதழ்களை நகத்தால் லேசாகத் தொடுங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்த வண்டி எத்தனை ஆண்டு கடல் காற்று குடித்திருக்கிறது என்று விளங்கிவிடும். எர்த் வயர் பாடியில் சேரும் இடங்களில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் காலத்து வண்டிகளில் காரணமே தெரியாமல் எரியும் எச்சரிக்கை விளக்குகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன.

இரண்டாவது, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்வது. போகும் நேரத்தை முதல் நாளே சொல்லிவிட்டு, நாங்கள் வரும்வரை வண்டியைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள், இன்னொரு நாள் போகலாம். ஸ்டார்ட் ஆகும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை எஞ்சின் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் கூலண்ட் உள்ளே போகிறது.

இந்த எஞ்சினுக்கென்று சில விஷயங்கள் உலகம் முழுக்கத் தெரிந்தவை. உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். இதற்காகவே 2010இல் அமெரிக்காவில் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் என்ற கதவு தளர்ந்திருந்தால் ஐடிலிலும் ஆக்சிலரேட்டரை விடும்போதும் சில்லறைக் காசு குலுங்குவதுபோல் சத்தம் வரும். எண்ணெய் ஃபில்டர் பொருந்தும் இடத்திலும் வால்வு மூடியிலும் எண்ணெய் கசிவது வழக்கம். கூலண்ட் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும். இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை பேசும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும்.

#4 தெங்கம்புதூர் வாசி | நவம்பர் 4, காலை 8.05

அண்ணாச்சி, மிக்க நன்றி. முன்பணம் கொடுக்கவில்லை. மீட்டர் உண்மைதானா என்று எப்படி அறிவது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பெரியவர் முகத்தில் பொய் தெரியவில்லை.

#5 திங்கள்சந்தை பட்டறை | நவம்பர் 4, மதியம் 1.30

பெரியவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, வண்டியைக் கேளுங்கள். இந்தத் தலைமுறை பி.எம்.டபிள்யூ.வில் கிலோமீட்டர் கணக்கு டாஷ்போர்டு மீட்டரில் ஒன்று, சாவியை அடையாளம் காணும் கருவியில் ஒன்று என இரண்டு இடத்தில் எழுதப்படும், சாவிக்குள்ளும் பதிவாகும். வண்டியின் கணினியைப் படிக்கும் சரியான ஸ்கேனர் போட்டால் ஒத்துப்பார்க்கலாம். அத்துடன் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி சர்வீசில் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது என்று உரிமையாளருக்குச் சொல்வார்கள். உரிமையாளரையே கேட்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனர் போடும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழுதுக் குறியீடு ஒன்றும் இல்லை என்று வந்தால் உடனே மகிழ்ச்சி அடையாதீர்கள். வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பட்டியல் ஒன்று உண்டு, அது முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

#6 குழித்துறை வழக்கறிஞர் | நவம்பர் 4, இரவு 8.50

இயந்திரத்தைப் பற்றி அண்ணாச்சி சொல்லிவிட்டார். காகிதத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நம் குமரி மாவட்டத்தில், கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து எண்ணோடு இந்தப் பக்கம் நிற்கும் வண்டிகளால் வரும் வழக்குகளை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. இந்த வண்டி எத்தனை ஆண்டாக முட்டத்தில் நிற்கிறது? அது முதல் கேள்வி. நீங்கள் வாங்கினால் திருவனந்தபுரத்திலிருந்து 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), பெயர் மாற்ற 29, 30ஆம் படிவங்கள், தமிழ்நாட்டு எண்ணுக்கு 27ஆம் படிவம், வங்கிக் கடன் இருந்திருந்தால் 35ஆம் படிவமும் வங்கியின் கடிதமும் வேண்டும். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் குறையும் என்றாலும், அதன் அடிப்படை நீங்கள் கொடுக்கும் 21 லட்சம் என்று நினைத்துவிடக் கூடாது. விலை முடிப்பதற்கு முன்பே ஆர்.சி. நகலோடு நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கேட்டுவிடுங்கள். கேரளாவில் கட்டிய வரியின் மீதிக் காலத் தொகையைத் திரும்பப் பெறுவதற்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது கைக்கு வரும் என்று நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

2012 பதிவு என்றால் 2027இல் 15 ஆண்டு முடிகிறது. அப்போது தகுதிச் சோதனைக்குப் போய் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். சாதாரண காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதிக் கார் என்று ஆர்.சி.யில் இருந்தால் 40,000.

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றீர்கள். அப்பாவின் கையெழுத்து சட்டத்துக்குப் போதாது. மகன் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அல்லது அவர் விடுமுறையில் வரும்வரை காத்திருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த வழி.

வாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், கடன், தடை ஏதும் உண்டா என்று பாருங்கள். இரு மாநில அபராத நிலுவையையும் பாருங்கள். வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இன்சூரன்சை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

#7 ஆலஞ்சி கரை | நவம்பர் 5, காலை 7.10

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் கேரளா முழுக்க நடத்திய சோதனை நினைவிருக்கிறதா? பூட்டான் வழியாக வரி கட்டாமல் கொண்டுவரப்பட்டு வேறு மாநிலங்களில் பதிவான சொகுசு வண்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். அதற்கு முன்பு புதுச்சேரியில் பொய் முகவரி கொடுத்துப் பதிவு செய்த வண்டிகள் பற்றிய விவகாரம். வடமாநில எண்ணிலிருந்து கேரள எண்ணுக்கு மாறிய பழைய வெளிநாட்டு வண்டி என்றால் முதல் விற்பனை பில்லைக் காட்டச் சொல்லுங்கள். இந்தியாவில் டீலரிடம் வாங்கிய வண்டிக்கு அந்தக் காகிதம் கட்டாயம் இருக்கும்.

வெள்ளம் பற்றியும் கேளுங்கள். 2019இல் எர்ணாகுளத்திலிருந்து இரண்டு கதவு வண்டி ஒன்றை வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் மேல் குற்றமில்லை. மழை பெய்த மறுநாள் ஜன்னல் தானாக இறங்கும், ஹாரன் தானாக அடிக்கும். நான்கு மாதம் வயர்மேன்களிடம் அலைந்தேன். கடைசியில் ஒருவர் இருக்கையைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினார். கீழே ஸ்பாஞ்சுக்குள் விரல் கனத்துக்கு வண்டல். உலர்ந்து சப்பாத்திபோல் பிளந்திருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நின்ற வண்டி.

அன்று முதல் யாருக்காக வண்டி பார்க்கப் போனாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுக்கிறேன். கழுவுகிறவர்கள் தெரிகிற பகுதியைத்தான் கழுவுவார்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தில் பழுப்புக் கோடு அப்படியே இருக்கும். இருக்கையை முன்னால் தள்ளி, தரையில் பொருத்திய தண்டவாளத்தின் போல்ட்டைப் பாருங்கள். வண்டிக்குள் இருக்கும் போல்ட்டில் துருவுக்கு என்ன வேலை? 2015 டிசம்பரில் சென்னை, 2018இல் கேரளா, 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த வண்டிகளெல்லாம் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

#8 தக்கலைத் தம்பி | நவம்பர் 5, மாலை 5.25

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு அவ்வளவு பெரிய பட்ஜெட் இல்லை. 2015 போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. பார்க்கிறேன், 88,000 கிலோமீட்டர் ஓடியது. இதே சோதனைகள்தானா? அந்த வண்டியின் பானெட்டில் காந்தம் ஒட்டுகிறது, பக்கத்து வீட்டு அண்ணனின் வெளிநாட்டு வண்டியில் ஒட்டவில்லை. அதில் பட்டி பூசி அடியை மறைத்திருக்கிறார்களா?

#9 திங்கள்சந்தை பட்டறை | நவம்பர் 5, இரவு 9.00

தம்பி, பல ஸ்போர்ட்ஸ் கார்களின் பானெட் அலுமினியத்தால் ஆனது. காந்தம் ஒட்டாததால் பட்டி என்று முடிவு செய்யாதீர்கள். அலுமினியத்தின் மேலும் அளக்கும் பெயின்ட் கனமானி கிடைக்கிறது, நாற்புறமும் அளந்தால் எந்தத் தகடு மட்டும் தடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கருவி இல்லையென்றால் பானெட் கீல், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். ஸ்பானர் பட்டால் பெயின்ட் பெயர்ந்திருக்கும்.

உங்கள் போலோவில் நான் முதலில் பார்ப்பது டி.எஸ்.ஜி. என்ற ஏழு கியர் தானியங்கிப் பெட்டியை. உலர் கிளட்ச் கொண்டது அது, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகிவிடும். கோட்டாறு சந்தை நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறினாலோ, ரிவர்சிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது ஒரு கணம் தயங்கினாலோ குறித்துக்கொள்ளுங்கள். 88,000 ஓடியதற்காகப் பயப்பட வேண்டாம். சர்வீஸ் பில் வரிசையாக இருந்தால் முட்டத்து 19,400ஐவிட இந்த 88,000ஐ நான் நம்புவேன்.

#10 வேளிமலை | நவம்பர் 6, காலை 6.45

அண்ணாச்சி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதை ஏற்க முடியவில்லை. எஞ்சின் என்பது உலோகம், உலோகம் உரசினால்தான் தேயும். 19,400 ஓடிய எஞ்சினும் 88,000 ஓடிய எஞ்சினும் எப்படி ஒன்றாகும்? ரப்பர், டயர், பேட்டரி எல்லாம் கடையில் கிடைக்கும் சாமான்கள். பயமுறுத்திப் பயமுறுத்தி நல்ல வண்டிகளை நம் மாவட்டத்துக்காரர்கள் கைவிடுகிறார்கள். வேண்டுமானால் கொச்சியிலிருந்து சோதிப்பவரை வரவழைக்கட்டும், சில ஆயிரங்கள்தான் ஆகும்.

#11 திங்கள்சந்தை பட்டறை | நவம்பர் 6, இரவு 8.30

நியாயமான கேள்வி. தேய்மானம் குறைவு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நான் சொல்வது அரிப்பு என்னும் இன்னொரு கணக்கைப் பற்றி. அது கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, நாட்காட்டியைப் பார்க்கிறது. கடலோரத்தில் அந்த நாட்காட்டி இரட்டிப்பு வேகத்தில் புரளும். கொச்சி ஆளை அழைப்பது நல்லது, அழையுங்கள். ஆனால் லிஃப்ட் இல்லாத வீட்டு முற்றத்தில் வைத்துச் சோதிப்பவர் யாராக இருந்தாலும் பாதி வண்டியைத்தான் பார்க்கிறார்.

தெங்கம்புதூர்த் தம்பிக்கு ஓட்டிப் பார்ப்பது பற்றி. முதலில் ஊருக்குள் மெதுவாக, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, வேகத்தடைகளில் ஏற்றி இறக்கி, அடியிலிருந்து வரும் சத்தத்தைக் கேளுங்கள். ரேடியோவும் ஏ.சி.யும் அணைந்திருக்கட்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு வரை நான்குவழிச் சாலை. அங்கே வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த வழியில் உள்ள முப்பந்தலில் ஒன்றை மறக்கக் கூடாது: கணவாய்க் காற்று வண்டியைத் தள்ளும். ஆனி, ஆடியில் நேராக இருக்கும் வண்டிகூடக் கோணலாகத் தோன்றும். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை பாருங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கம் இழுத்தால் குறை வண்டியில். பக்கம் மாறினால் காற்று.

ஞாயிறு காலை நான் வருகிறேன். நீங்கள் பேசி அனுமதி வாங்குங்கள்.

#12 தெங்கம்புதூர் வாசி | நவம்பர் 9, இரவு 10.10

இன்று பார்த்துவிட்டு வந்தோம். எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

காலை 6.30க்குப் போனோம். பானெட் குளிர்ந்திருந்தது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார், நாங்கள் வருவதற்குள் போர்வையை மடித்து வைத்திருந்தார். ஸ்டார்ட் ஆவதற்கு நான்கைந்து நொடி எடுத்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. புகை இல்லை. கூரையைத் திறந்தோம். இருபது நொடியில் முடிய வேண்டியது பாதியில் நின்றுவிட்டது, இரண்டாவது முறை அழுத்திய பிறகு இறங்கியது.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன், சுத்தம். போல்ட்டுகளில் துரு இல்லை. டிக்கியில் பேட்டரிக்கு அடியில் சேறு இல்லை. பெயின்ட் எல்லாத் தகட்டிலும் ஒரே கனம். சேசிஸ் எண் ஒத்துப்போகிறது. வெள்ளமும் விபத்தும் காணாத வண்டி. மீட்டரும் உண்மை, சாவியில் இருப்பதும் டாஷ்போர்டில் இருப்பதும் ஒன்றே.

டயரில் அண்ணாச்சி டார்ச் அடித்துக் காட்டினார். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் 1112. 2012ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்த டயர். சாலையில் படும் பட்டன் புதிதுபோல் ஆழமாக இருக்கிறது. ஆனால் பக்கச் சுவரை விரலால் அமுக்கியபோது மயிரிழை வெடிப்புகள் வரிசையாகத் திறந்தன. முன்னால் 225, பின்னால் 255 அகலம், நான்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பிறகு நாகர்கோவிலில் தெரிந்தவர் பட்டறையில் லிஃப்டில் ஏற்றினோம். ஏறிய உடனே யாரும் பேசவில்லை. மேலே கண்ணாடிபோல் இருந்த வண்டியின் அடி வேறு வண்டியாக இருந்தது. அலுமினியக் கைகளில் வெண்பூ பூத்திருந்தது. பின் சஸ்பென்ஷன் போல்ட்டுகளின் ஆறு மூலைகளும் அரித்து வட்டமாகிவிட்டன, ஸ்பானர் பிடிக்க இடமில்லை. பிரேக் குழாயில் இரண்டு இடத்தில் குழி. கண்டன்சரை நான் நகத்தால் தொட்டேன். அப்பளத்தின் ஓரம்போல் உதிர்ந்து தரையில் விழுந்தது. சைலன்சரின் அடியில் ஓர் இடத்தைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டினார் அண்ணாச்சி. உலோகச் சத்தம் வரவில்லை, அட்டையைத் தட்டியது போலிருந்தது.

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டோம். பெரியவர் தேநீர் கொடுத்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பேன், மாதம் ஒருமுறை அடிப்பாகத்தில் குழாய் பிடித்துக் கழுவுவேன், மகன் சொன்னதை ஒரு வாரம்கூடத் தவறியதில்லை என்றார். அண்ணாச்சி எழுந்து போய் முற்றத்துக் குழாயைத் திறந்து, ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்பு. கிணற்றுத் தண்ணீர்.

#13 வேளிமலை | நவம்பர் 9, இரவு 10.40

படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. முன்பணம் கொடுக்கச் சொன்னது நான்தான். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அண்ணாச்சி, பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்வதில் என்ன தவறு? என் அண்ணன் வண்டிக்கு நானும் அதையே செய்துகொண்டிருக்கிறேன்.

#14 திங்கள்சந்தை பட்டறை | நவம்பர் 10, காலை 6.05

பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்தால் அது ஆவியாக வெளியேறிவிடும். பத்து நிமிடத்தில், அதுவும் நின்ற இடத்திலேயே, அந்தச் சூடு வராது. தண்ணீர் சைலன்சருக்குள் தேங்கும், எண்ணெயிலும் கலக்கும். நேற்று எண்ணெய் மூடியின் உட்புறம் பார்த்தேன், மோர்போல் ஏடு படிந்திருந்தது. சைலன்சர் உள்ளிருந்து மக்கியதும் அதனால்தான். உங்கள் அண்ணன் வண்டியை வாரம் ஒருமுறை வேண்டாம், இரு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டுங்கள்.

தெங்கம்புதூர்த் தம்பி, நான் போட்ட கணக்கில் நான்கு லட்சத்துக்குக் குறையாது. போல்ட் கழன்று வராமல் உடைந்தால் அதற்கு மேல். வரி தனி. எஞ்சின் நல்ல எஞ்சின், அதையும் சொல்லிவிடுகிறேன். 14க்குக் கொடுத்தால் எடுக்கலாம் என்பது என் எண்ணம். 21க்கு வேண்டாம்.

#15 தெங்கம்புதூர் வாசி | நவம்பர் 12, இரவு 9.20

நேற்று மகனிடம் தொலைபேசியில் பேசினேன். லிஃப்டில் எடுத்த படங்கள் அனைத்தையும் அனுப்பினேன். அவர் கோபப்படவில்லை. 14க்குத் தர மனமில்லை என்றார், அவருடைய முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி. ஜனவரி விடுமுறையில் வந்து, தானே சரிசெய்து வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு 2014 வண்டி இருப்பதாகச் சொல்கிறார்கள். டி.என். 75 எண், 61,000 ஓடியது, பில்கள் இருக்கின்றன. ஞாயிறு பார்க்கலாமா அண்ணாச்சி?

இன்னொன்று. இன்று மாலை பெரியவரே கூப்பிட்டார். மகன் வரும்வரை வண்டியை என்ன செய்ய வேண்டும் என்று உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

#16 திங்கள்சந்தை பட்டறை | நவம்பர் 12, இரவு 10.00

ஞாயிறு வருகிறேன். மார்த்தாண்டத்துக்காரரிடம் சனிக்கிழமை இரவே சொல்லிவிடுங்கள், காலையில் வண்டியைத் தொட வேண்டாம் என்று.

பெரியவரிடம் சொல்லுங்கள்: அந்த டயரில் சாலையில் ஓட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், பேட்டரிக்குச் சார்ஜர் ஒன்று நான் கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். கிணற்றுத் தண்ணீரில் கழுவ வேண்டாம். மழை விட்ட ஒரு நாளில், பஞ்சாயத்துக் குழாயில் நல்ல தண்ணீர் வரும்போது நான்கு குடம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். கழுவுவதற்கு நானே வருகிறேன்.